முதல் குமிழி

கசிவை அடைப்பவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை, கண்டுபிடிப்பவர்கள்தாம் அரிது. என்னைக் கேட்டால் ரேடியேட்டர் வேலையின் அழகெல்லாம் பற்றவைப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஈயம் உருகிப் பளபளவென்று ஓடுவதை வாய்பிளந்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கிறவன்.

புதுப்பேட்டையில் ஒரு பாய் இருந்தார். அம்பாசடர், பத்மினி கார்கள்தாம் அவருக்கு அன்றாடச் சோறு. கடையில் பெரிதாக ஒன்றுமிருக்காது. ஒரு சிமெண்ட் தொட்டி, கால் பம்ப், ஹோஸ் வாய்களை அடைக்க ரப்பர் கட்டைகள், ஒரு கத்தை ஈர்க்குச்சி. தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தால் வேலையைத் தொடமாட்டார். வாடிக்கையாளர் எவ்வளவு பறந்தாலும் சரி, முதலில் தண்ணீரை மாற்றுவார்.

ரேடியேட்டரைத் தண்ணீரில் முக்கியவுடன் குமிழி வரத்தான் செய்யும். அதெல்லாம் பொய்க் குமிழி; ஃபின்களுக்கு நடுவே சிக்கிய வெளிக்காற்று. அவசரக்காரர்கள் அதைப் பார்த்தே குறி வைத்துவிட்டு, நல்ல இடத்தில் ஈயத்தை அப்புவார்கள். பாய் அப்படியில்லை. தண்ணீருக்குள்ளேயே ரேடியேட்டரைச் சாய்ப்பார், குலுக்குவார், ஃபின் வரிசையின்மேல் பிரஷ்ஷை ஓட்டுவார். பிறகு கையை எடுத்துவிட்டு, அலை அடங்கும்வரை பீடிகூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகுதான் பம்பில் கால், அதுவும் மெல்ல. பழைய பித்தளைத் தொட்டிக்கு ஏழெட்டு பவுண்டு காற்று போதும். கம்ப்ரஸரை அப்படியே திறந்துவிடுகிறவர்கள், இருக்கிற ஓட்டையைத் தேடப்போய்த் தொட்டித் தையலைப் பிளந்து புது ஓட்டை உண்டாக்குகிறார்கள்.

அப்புறம் வரும் அந்த முதல் குமிழி. கடுகளவு இருக்கும். ஃபின் அடியில் ஒட்டிக்கொண்டு, மேலே போகலாமா வேண்டாமா என்று யோசித்து, விட்டுப் போகும். அடுத்தது அதே இடத்தில், அதே இடைவெளியில். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி பாய் அந்த இடைவெளியைக் கவனிப்பார். ஒற்றை ஒற்றையாக, நிதானமாக வந்தால் டியூபில் ஊசித்துளை. நூல் கோத்ததுபோல் இடைவிடாமல் ஏறினால் பற்று விட்ட மூட்டு. ஒரே கோடு நெடுகப் பொடிப்பொடியாகப் பூத்தால் டியூப்கள் பொருந்தும் ஹெடர் தகடு போய்விட்டது, ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

இதோடு விட்டாலும் பாதி வேலைதான். குமிழி வெளிப்படும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. காற்று ஃபின்களுக்குள் நடந்துபோய்த் தனக்கு வசதியான வழியில் ஏறும். ஆகவே ரேடியேட்டரைப் புரட்டி இன்னொரு கோணத்தில் பார்ப்பார். இரண்டு கோணத்திலும் தடம் எங்கே சேர்கிறதோ அங்கே ஓர் ஈர்க்குச்சியைச் செருகுவார். தண்ணீரிலிருந்து தூக்கும்போது எத்தனை குச்சி நிற்கிறதோ அத்தனை பற்று. அதிகமாக ஒன்று வைத்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கலைக்கு வயது குறைச்சல் இல்லை. வில்ஹெல்ம் மேபாக் 1900-இல் மெர்சிடஸ் 35 குதிரைத்திறன் காருக்குத் தேன்கூட்டு ரேடியேட்டர் செய்தபோது அதில் 8,070 சிறு குழாய்கள். ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் சதுரம். எல்லாம் பற்றவைத்தவை. வரலாற்றுப் புத்தகங்கள் மேபாக்கைப் போற்றுகின்றன, போற்றவேண்டியதுதான். அத்தனை மூட்டிலும் கசிவு இல்லையென்று பார்த்துச் சொன்ன ஆள் யாரோ, என் கும்பிடு அவருக்கு.

பிரஷர் டெஸ்டர் வந்தபிறகு தொட்டியெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கருவியில் குறையில்லை. வண்டியிலிருந்து எதையும் கழற்றாமல் முள்ளைப் பார்த்தே சொல்லலாம், மூடியையும் சோதிக்கலாம். ஆனால் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அடித்துவிட்டு, கால் மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? இரண்டு நிமிடத்தில் ‘ஹோல்டிங் சார்’ என்று கழற்றிவிடுகிறார்கள். புற ஊதா விளக்குக் கட்சியோ இன்னும் உற்சாகமானது. கூலண்டில் கலந்த சாயம் அந்த விளக்கில் ஒளிர்வது கண்ணுக்கு அழகுதான். ஆனால் அது காட்டுவது திரவம் போய்ச்சேர்ந்த இடம். ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னால் தள்ளும், அதுவாகவும் கீழே இறங்கும். கறை எங்கே அதிகம் என்று பார்க்காமல், எங்கே மிக உயரத்தில், எங்கே மிக முன்னால் தொடங்குகிறது என்று பார்க்கிறவருக்குச் சாதாரண டார்ச் விளக்கே போதும்.

காலை நேரத்தின் அருமையும் இந்தக் கருவிக்காரர்களுக்குத் தெரிவதில்லை. சில கசிவுகள் குளிரில் மட்டும் வரும்: இறுகிப்போன ஹோஸும் தளர்ந்த கிளிப்பும் இரவில் சுருங்கிச் சொட்டும், எஞ்சின் சூடேறினால் நின்றுவிடும். சில சூட்டில் மட்டும் வரும். தரையில் ஒரு துளி விழாமல் எஞ்சின் மேலேயே ஆவியாகி, உலர்ந்த பச்சை அல்லது இளஞ்சிவப்புப் பொருக்கை மட்டும் விட்டுப்போகும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் அந்தப் பொருக்கைக் கண்டால் பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ரிசர்வ் பாட்டில் நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்திருந்தால் மூடியையோ இரண்டையும் இணைக்கும் சின்ன ரப்பர் குழாயையோ சந்தேகப்படவேண்டும்; ஆறும்போது திரும்ப உறிஞ்சவேண்டியதை அது உறிஞ்சவில்லை. இதற்கெல்லாம் கருவி வேண்டாம், காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் பானெட்டைத் திறக்கும் பழக்கம் போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கசிவென்று நினைத்து அலறுகிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

கசியும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டும் வைத்தியத்தைச் சிலர் கேலி செய்வார்கள். நான் செய்யமாட்டேன். நடுவழியில் நின்ற டிரைவர் அடுத்த ஊர் சேர்வதற்காகக் கொட்டியது அது. சேர்ந்தபின் ரேடியேட்டரை இறக்கிக் கழுவிவிடுவார். இன்று ஒழுகலடைப்பு மருந்தை ஊற்றிவிட்டு அதையே வைத்தியம் என்று பில் போடுகிறார்கள். அது ஓட்டையோடு நிற்பதில்லை; ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கிறது.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் உத்தர்பாரா ஆலையில் நின்றது. செம்பு, பித்தளை ரேடியேட்டர்கள் கார்களிலிருந்து அதற்கு முன்பே விலகத் தொடங்கியிருந்தன. இப்போது அலுமினியக் கோர், இரு முனையிலும் பிளாஸ்டிக் தொட்டி, நடுவே கேஸ்கட் வைத்து மடித்த விளிம்பு. எடை குறைவு, விலை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கசிந்தால் ‘யூனிட்டா மாத்திடலாம் சார்’ என்கிற ஒரே பதில்தான். நண்பர் ஒருவருக்குப் பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் அப்படித்தான் மாற்றினார்கள். ஒழுகல் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், கீழ் ஹோஸின் கிளிப் ஒரு விரலளவு தள்ளி மாட்டியிருந்தது. புது ரேடியேட்டருக்கு ஆன செலவில் ஒரு கூடை கிளிப் வாங்கலாம்.

மாற்றவேண்டியது மாற்றத்தான் வேண்டும். மடித்த விளிம்பு விட்டுப்போனால் பாயே வந்தாலும் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் அடுத்தமுறை உங்களிடம் ரேடியேட்டர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டமுடியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.