தாயம் எப்ப விழும் டீச்சர்?

இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்றுமில்லாத வெற்று முகம். திருவிழாக் கடைகளில் கிடைக்கும், பல வீடுகளில் பரணில் தூங்கும். தொடக்கப் பள்ளிக்கு இதைவிட நல்ல கணக்குக் கருவி உண்டா என்று என்னிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை, இல்லவே இல்லை என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். நிகழ்தகவு நம் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில்தான் பாடமாக வருகிறது. அதுவரை யாரால் பொறுக்க முடியும்? என் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து இப்போதே போடு போடென்று போடுகின்றன!

விளையாட்டு இதுதான். கரும்பலகையில் ஏழு கட்டம்: 1, 2, 3, 4, 5, 6, 12. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் 12 என்பது தாயத்தின் சட்டம். ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டையை உருட்ட உருட்ட, விழுந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு. எந்த எண் முதலில் பத்துக் கோட்டைத் தொடுகிறதோ அதற்கு வெற்றி.

எண்ணைப் பிடிக்கும்போது பார்க்க வேண்டுமே! 12-க்கு அடிதடி, ஏனென்றால் அதுதான் பெரிசு. 1-க்கும் அடிதடி, தாயமாயிற்றே. 3-ஐ ஒரு பிள்ளையும் சீண்டாது. வேறு வழியில்லாமல் கடைசியாக வந்து சேரும் ஒரு வாலில்லாத வாண்டின் தலையில்தான் அது கட்டப்படும். பிறகு உருட்டல் தொடங்கும். 3 கிடுகிடுவென்று ஏறும். 12 ஒரு கோட்டையோ இரண்டு கோட்டையோ வைத்துக்கொண்டு தவியாய்த் தவிக்கும். சில நாள் 2 ஜெயிக்கும், சில நாள் 4 ஜெயிக்கும், பெரும்பாலும் 3-தான். "டீச்சர், கட்டை ஏமாத்துது!" என்று 12-காரர்கள் கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகவே நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சில நேரம் தோன்றும்.

ஏமாற்றுகிறதா என்று பார்த்துவிடலாமே. ஒரு கட்டையில் சிவப்பு நெயில் பாலீஷ் பூசிவிடுவேன். இந்தச் சின்ன வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், உயிரே இதில்தான் இருக்கிறது. சிவப்பில் 1, மஞ்சளில் 2 என்பதும், சிவப்பில் 2, மஞ்சளில் 1 என்பதும் இரண்டு தனி விழுகை என்று அப்போதுதான் பிள்ளைக்குக் கண்ணில் படும். நாலுக்கு நாலு, பதினாறு விழுகை. அவர்களே நோட்டில் எழுதிப் பிரிக்கிறார்கள். 12-க்கு ஒரே வழி. 6-க்கும் ஒரே வழி. 1-க்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று. 3-க்கு நாலு! "மூணுக்கு நாலு கதவு டீச்சர், பன்னெண்டுக்கு ஒரே கதவு" என்றாள் ஒரு சிறுமி. நான் பேச வைத்திருந்த விளக்கத்தையெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் வெளியே வந்தது. தாயத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம் அல்லவா? பதினாறில் அந்த நான்குக்கும் சேர்த்து ஆறு விழுகைதான். அடிக்கடி விழும் 2, 3, 4-க்குப் பரிசே கிடையாது. அரிதாக விழுவதற்குப் பரிசு வைத்தவர்கள் எண்ணித்தான் வைத்தார்களா, ஆடி ஆடிக் கண்டுகொண்டார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் தாயம் ஆடும் பாட்டிகளைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அடுத்தது தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற சங்கடம். பதினாறில் இரண்டு என்றால் எட்டில் ஒன்று. "அப்ப எட்டுத் தடவை உருட்டினா கண்டிப்பா ஒண்ணு விழும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். உருட்டச் சொன்னேன். எட்டு முறை உருட்டியும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் தாயம் விழாது, கணக்கு அப்படித்தான். விழாதவர்கள் முகத்தைப் பார்க்கணும்! பெரியவர்களே தடுமாறும் இடம் இது. லாட்டரிச் சீட்டு வாங்கிய தலைமுறைக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். "பள்ளிக்கூடத்துல சூதாட்டமா?" என்று கேட்கும் பெற்றோருக்கும் என் பதில் இதுவே.

சோழியைக் கொண்டுவந்தால் கதை வேறு. மல்லாந்து விழுமா, கவிழ்ந்து விழுமா? பித்தளைக் கட்டையைப் போல உட்கார்ந்து எண்ணிவிட முடியாது, சோழியின் வளைவு அப்படி. போட்டுப் போட்டுத்தான் பார்க்கணும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டையும் அதே கேஸ்தான். எண்ணித் தெரிந்துகொள்வது ஒன்று, போட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று. பத்து வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் ஒரே மதியத்தில் பிடித்துக்கொள்கிறது என்றால் நம்புவீர்களா?

சின்ன வகுப்புக்கு என்றால் தட்டும் கோலிக்குண்டும் போதும். உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1951-இல் வெளியிட்ட நூலில் இருக்கும் சோதனை. தட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்புக் குண்டுகள், மறுபக்கம் வெள்ளை. தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் என்ன ஆகும்? சின்னதுகள் பலவும், எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும் என்று அடித்துச் சொல்லும். ஒன்றாம் வகுப்பில் செய்து பார்த்தேன், அப்படியேதான் சொன்னார்கள். செல்லங்கள்!

எல்லாவற்றுக்கும் மேலே என் மனம் கொள்ளை போனது ஹங்கேரிக்காரர் தமாஷ் வார்காவிடம் (ஆம், பெயர் அதுதான்). நிகழ்தகவைச் சின்ன வகுப்புகளுக்கே கொண்டுவந்த கணித ஆசிரியர். அவருடைய சோதனையில் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி நிஜமாகவே காசைச் சுண்டி, பூவா தலையா என்று எழுதும். மறுபாதி காசைத் தொடாமல் கற்பனையாக எழுதும். அவர் 200 சுண்டல் வைத்தார், நான் 100-ஓடு நிறுத்திக்கொள்வேன், கை வலிக்குமே. டீச்சர் வெளியே நிற்கணும். பிறகு உள்ளே வந்து, தாளைப் பார்த்து, "இது பொய், இது நிஜம்" என்று பிரித்து வைக்கணும்.

என் வகுப்பு என்னை மந்திரவாதி என்றே முடிவு கட்டிவிட்டது! ரகசியம் சின்னதுதான். பொய் எழுதுகிறவர்களுக்கு மூன்று பூ வரிசையாக வந்ததுமே பயம் வந்துவிடும், உடனே ஒரு தலையைப் போட்டுவிடுவார்கள். நிஜக் காசுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. 100 முறை சுண்டினால், பூவோ தலையோ, ஐந்து தொடர்ந்து ஒரு இடத்திலாவது வருவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாய்ப்பு. ஆறு தொடர்வதற்கே எண்பது. ஆகவே நீளமான வரிசையே இல்லாத தாள் பொய்த் தாள்.

ரகசியத்தை நானே உடைத்துச் சொன்னேன். இப்போது பொய் எழுதும் பாதியும் உஷார். நடுவில் எங்கேயோ ஆறு தலையைச் செருகுகிறார்கள், ஒருத்தன் துணிந்து எட்டுப் பூவை எழுதிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறான். இந்த வாரம் பாதிக்கு மேல் தப்பாகப் பிரித்தேன். வகுப்பு முழுக்கக் கைதட்டிச் சிரித்தது!