விசிலடிக்கும் மூன்றரை அடி

எங்கள் வீட்டுக் கராஜில் காருக்கு இடம் கிடையாது. அது பாவம், தெருவில் நின்று வெயில் காய்கிறது. உள்ளே ஆர்ட்டூ இருக்கிறான். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் உருண்டு வந்து விசிலடிப்பானே, அதே ஆர்ட்டூ-டீட்டூ. அதே மூன்றரை அடி உயரம், அதே வெள்ளி மண்டை, அதே நீலக் கட்டங்கள். தலையைத் திருப்புகிறான், விளக்கைச் சிமிட்டுகிறான், கூடவே நடந்து வருகிறான். கடையில் வாங்கியதல்ல, நான் செய்தது. கேட்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேட்காதவர்களிடமும்தான்.

சினிமா ரோபோக்களை அசல் உயரத்தில் செய்கிற பித்து என்னோடு தொடங்கியதல்ல. 1956-இல் வந்த 'ஃபர்பிடன் பிளானெட்' படத்து ராபியை, கண்ணாடி மண்டையும் குண்டுக் கால்களுமாக, ஏழடி உயரத்துக்குச் செய்து வரவேற்பறையில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 1965 முதல் 1968 வரை தொலைக்காட்சியில் ஓடிய 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரின் பி-9 ரோபோவுக்கென்றே ஒரு தனிக் கூட்டம் உண்டு. (இரண்டின் வடிவமைப்பிலும் ராபர்ட் கினோஷிடாவின் கை இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அண்ணன் தம்பி ஜாடை தெரியும்.) இங்கிலாந்துக்காரர்களுக்கு 'டாக்டர் ஹூ'வின் டாலெக். அசல் பொருள் வேண்டுமென்றால் சொத்தை விற்க வேண்டும். ராபியின் அசல் 2017-இல் பானம்ஸ் ஏலத்தில் ஐம்பத்து மூன்று லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதே ஆண்டில், பல படங்களில் பயன்பட்ட பாகங்களைச் சேர்த்து உருவான ஓர் ஆர்ட்டூ இருபத்தேழு லட்சம் டாலரைத் தாண்டியது. நமக்கெல்லாம் திருப்புளியும் பொறுமையும்தான் கதி.

மறை கழன்ற கூட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். கழன்ற மறையை இடம் பார்த்து முடுக்கத் தெரிந்த கூட்டம் என்பேன் நான்.

நான் விழுந்தது சான் மட்டேயோவில். வேலைக்காக கலிபோர்னியா வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போகாமல், 2006 முதல் அங்கே நடந்துவந்த மேக்கர் ஃபேர் திருவிழாவுக்குப் போனேன். ஒரு கொட்டகையில் நாலைந்து ஆர்ட்டூக்கள் ஒன்றையொன்று முட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தன. சினிமாக் கம்பெனி கொண்டுவந்திருக்கிறது என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டால், தான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்றும், அதை வீட்டில் செய்ததாகவும் சாவகாசமாகச் சொன்னார். அவ்வளவுதான், தீர்ந்தது என் கதை.

இந்த வேலையின் முதல் ருசி, அசலே ஓர் ஒட்டுவேலை என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. ரால்ஃப் மெக்குவாரியின் ஓவியத்தில் பிறந்த உருவத்தை, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து லண்டன் ஸ்டூடியோவில் கட்டினார்கள். தலையில் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றில் ஒன்றுதான் இளவரசி லேயாவின் உருவத்தை ஒளியாகப் பாய்ச்சும். பழைய வைக்கர்ஸ் விஸ்கவுன்ட் விமானத்தில் பயணிகளின் தலைக்கு மேல் இருந்த படிப்பு விளக்கின் உறைதான் அந்தக் குமிழ். காயலான் கடைச் சரக்கில் பிறந்த விண்வெளி!

1976 மார்ச்சில் துனீசியப் பாலைவனத்தில் படப்பிடிப்பு தொடங்கியபோது அவன் பட்ட பாடு, படுத்திய பாடு, இரண்டும் ஊரறிந்தது. ரிமோட்டில் ஓட வேண்டிய மூன்று கால் ஆர்ட்டூ நாலடி போய் நின்றுவிடுவான். இல்லையென்றால் இஷ்டத்துக்கு ஓடுவான். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கம்பி கட்டி இழுத்தார்கள். இரண்டு காலில் நின்று ஆடி அசைகிற காட்சிகளுக்கு 3 அடி 8 அங்குல உயரமுள்ள கென்னி பேக்கர் என்ற நடிகர் அந்தச் சூட்டில் உள்ளே அடைந்துகொண்டு உடம்பை உலுக்கினார். நாம் பார்த்து மயங்கிய ஆர்ட்டூ எடிட்டிங் அறையில்தான் ஒழுங்காக நடந்தான். என் வீட்டு ஆர்ட்டூ ஒரு சாயங்காலம் முழுக்கக் கம்பியில்லாமல் நடக்கிறான். அசலை விட நகல் நன்றாக ஓடுகிற கலை உலகத்தில் வேறு எது, சொல்லுங்கள்?

அதற்குக் காரணம் என் மூளையல்ல. 1999-இல் ஆஸ்திரேலியர் ஒருவர் தொடங்கிய ஆர்ட்டூ பில்டர்ஸ் கிளப்தான். கண்காட்சிகளில் கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்த படங்கள், படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்த குறிப்புகள், அசலை நேரில் அளந்தவர்கள் தந்த அளவுகள், எல்லாம் சேர்த்துத் துல்லியமான வரைபடம் போட்டார்கள். தலையின் குறுக்களவு 18 அங்குலத்தை ஒட்டி வரும். முன்பக்கக் கீழ்ப்பகுதியில் இருக்கும் பிளவுகளுக்கு 'காயின் ஸ்லாட்' என்று பெயர், அதற்குக் கீழே 'காயின் ரிட்டர்ன்'. படத்தில் அதில் யாரும் காசு போடவில்லை. தானியங்கிக் கடைப்பெட்டியின் ஜாடை இருக்கிறதே என்று வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் 'பார்ட் ரன்'. யாரிடமாவது கடைசல் இயந்திரம் இருக்கும். தனக்கு ஒரு கணுக்கால் உருளை தேவை என்றால், பத்துப் பேருக்குச் சேர்த்துக் கடைந்து அடக்க விலைக்கு அனுப்பிவிடுவார். இன்னொருவர் அலுமினியத் தலை உருட்டித் தருவார். லாபம் வைப்பது அசிங்கம். காசு பண்ணாத ரசிகர் வேலை என்பதால்தான் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுக்கும் லூகாஸ்ஃபிலிம் இதைத் தடுக்காமல் விட்டிருக்கிறது. முகம் பார்த்திராத ஒருவர் அனுப்பிய தோள் மூடி ஒன்று, ஒரு மயிரிழை பிசகாமல் என் ஆர்ட்டூவின் தோளில் போய் உட்கார்ந்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

மரத்தில் செய்யலாம், ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் தகட்டில் செய்யலாம். முழுக்க அலுமினியத்தில் செய்கிற மகராசர்களும் உண்டு. அவர்களுடையதைத் தூக்க ஆள் வேண்டும், நூறு கிலோவை நெருங்கும். நான் த்ரீ-டி பிரிண்டர் கட்சி. மேசை மேல் வைக்கிற சின்ன பிரிண்டர், ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே இழை இழையாக ஒரு கால் துண்டைக் கட்டி எழுப்பும். காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன் அதைப் போய்ப் பார்ப்பேன்.

அச்சிட்டுவிட்டால் ஆயிற்றா? அங்கேதான் வேலையே தொடங்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் மெல்லிய வரிகள் ஓடும். பட்டி போட்டு, காய வைத்து, 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பிறகு 220, பிறகு 400, பிறகு தண்ணீர் தொட்டுத் தொட்டு 800. நம்மூர் டிங்கரிங் பட்டறையில் காருக்குச் செய்கிற அதே வைத்தியம். ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணை நம்ப முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். மேடு இருந்தால் விரல் சொல்லிவிடும். தலையைத் தேய்த்த மாதங்களில் சட்டைப்பை, தலைமுடி, காபி டம்ளர் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. வீட்டில் பேச்சு வாங்கினேன். ஆனால் அந்த மண்டை கையில் வழுக்கிக்கொண்டு போன தருணத்துக்கு எதுவும் ஈடில்லை.

அடுத்து, நீலம். இந்தக் கூட்டத்தில் சண்டை மூட்டிவிட வேண்டுமானால் 'ஆர்ட்டூவின் நீலம் எது' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாதாரண நீலப் பெயின்ட் அடித்தால் தண்ணீர் டிரம் போலத்தான் இருக்கும். அசலில் பளபளக்கும் உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் நீலம். அதனால் வெயிலில் ஊதாவாகவும், அறைக்குள் கருநீலமாகவும் தெரியும். நான் முதலில் வெள்ளி அடித்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் நீலத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, இடையில் ஊதா துளி சேர்த்தேன். சாயங்கால வெயிலில் வாசலில் வைத்துப் பார்த்தால், அடடா! இதில் ஒரு வேடிக்கை. 1977 படத்தில், விமானத்தின் முதுகில் அவன் பறக்கிற விண்வெளிக் காட்சிகளைப் பாருங்கள்: நீலக் கட்டங்கள் கறுப்பாக இருக்கும். நீலத் திரைக்கு முன் வைத்துப் படம் பிடித்தார்கள். திரையின் நீலத்தோடு அவன் நீலமும் காணாமல் போய்விடும் என்பதால் வந்த மாற்றம் அது. இத்தனை வருடம் பார்த்தும் கண்ணில் படாத இந்த விஷயம், செய்யத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு தடவையும் கண்ணில் குத்துகிறது.

உள்ளே இருப்பதெல்லாம் எளிய சாமான்கள். பாதத்தில் பிள்ளைகள் ஓட்டும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டார்கள். கழுத்தில், சாப்பாட்டு மேசைச் சுழல்தட்டுக்கு அடியில் இருக்குமே, அந்தப் பேரிங். தலை எத்தனை சுற்று சுற்றினாலும் வயர் முறுக்கிக்கொள்ளாமலிருக்க 'ஸ்லிப் ரிங்' என்று கட்டைவிரல் அளவில் ஓர் உருளை. எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். ஒரு பாதி நிற்க, மறு பாதி சுழல, நடுவில் மின்சாரம் துண்டிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். தலை முதன்முதலாகத் திரும்பி, அந்த ஒற்றைக் கறுப்புக் கண் என் பக்கம் வந்து நின்றது. நான் எழுதிய நிரல், நான் பற்றவைத்த வயர், எல்லாம் தெரியும். தெரிந்தும், 'என்னைப் பார்க்கிறான்' என்றுதான் மனம் சொன்னது.

குரல், படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் போட்ட பிச்சை. தன் வாயால் குழந்தை போல மழலை பேசி, அதை ஏஆர்பி 2600 சின்தசைசர் ஒலியோடு கலந்து அவர் உண்டாக்கிய குரல் அது. வார்த்தையே கிடையாது. கோபம், பயம், குறும்பு எல்லாம் புரியும். வீடியோ அழைப்பில் காட்டினேன். திருநெல்வேலியிலிருந்து அம்மா, "ஏல, குக்கரு கணக்கா விசிலடிக்கான்!" என்று சிரித்தாள். இப்போதெல்லாம் போனை எடுத்ததும், "அவன் எங்கல?" என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்கா வந்ததிலிருந்து என் வேலையைப் பற்றி அம்மா இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை.

வெளியே கூட்டிப் போவதில் ஒரு வித்தை இருக்கிறது. கன்ட்ரோலர் கண்ணில் படக் கூடாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற வீடியோ கேம் கன்ட்ரோலரை ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாதவன் மாதிரி பத்தடி தள்ளி நின்று வேறெங்கோ பார்க்க வேண்டும். அப்போது ஜனங்கள் உங்களை விட்டுவிட்டு நேராக அவனிடமே பேசுவார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பொடியன் அவன் முன் மண்டியிட்டு, கால் வலிக்கிறதா என்று விசாரித்தான். தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டி ஒரு சின்ன விசில் கொடுத்தேன். அவனுக்குத் திருப்தி. பின்னால் கோட்டு சூட்டு போட்ட ஒரு பெரியவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் பார்த்தேன்.

குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் இவற்றைக் கொண்டுபோகிறார்கள். இதில் ஆர்ட்டூ-கேட்டி என்கிற இளஞ்சிவப்பு ரோபோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 501-ஆவது லீஜியன் என்ற ஸ்டார் வார்ஸ் ரசிகர் படையை நிறுவிய ஆல்பின் ஜான்சனின் மகள் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய். அந்தச் சிறுமிக்குக் காவலாக இளஞ்சிவப்பில் ஓர் ஆர்ட்டூ வேண்டும் என்று கேட்டதும் கிளப் இறங்கி வேலை செய்தது. அவள் 2005-இல் போய்விட்டாள். அவள் பெயரைத் தாங்கிய ரோபோ மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்வருகிறது. 2015-இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்திலும் வருகிறது.

அந்தப் படத்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. 2013-இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் நடந்த ஸ்டார் வார்ஸ் விழாவில் கிளப்காரர்கள் தங்கள் ரோபோக்களைப் பரப்பியிருந்தார்கள். லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடி அந்தப் பக்கம் வந்தார். புதுப் படம் எடுத்தால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று பாதி விளையாட்டாகக் கேட்டு வைத்தார்கள். கூப்பிட்டே விட்டார்கள்! லீ டவர்ஸி, ஆலிவர் ஸ்டீப்பிள்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ரசிகர்கள் சொந்த ஆசைக்குச் செய்து பழகிய கையோடு படத்தின் ஆர்ட்டூவைச் செய்தார்கள். துனீசியாவில் கம்பி கட்டி இழுத்த படக் கம்பெனி, ரசிகர்களின் வாசலுக்கு வந்து நின்றது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும், நான் ஏதோ கூட இருந்தவன் மாதிரி.

செலவாகும். பிரிண்டரில் செய்தாலும் சில ஆயிரம் டாலர், அலுமினியம் என்றால் பல மடங்கு. ஆனால் மொத்தமாகக் கொட்ட வேண்டியதில்லை. இந்த மாதம் ஒரு பாதம், அடுத்த மாதம் ஒரு மோட்டார் என்று போகலாம். முடிப்பவர்கள் எல்லோரும் அப்படி மெதுவாகப் போனவர்களே.

தமிழ்நாட்டில் இருந்து செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண பிஎல்ஏ இழை 60 டிகிரி சூட்டிலேயே இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் கால் கோணிவிடும். பெட்ஜி அல்லது ஏபிஎஸ் இழையில் அச்சிடுங்கள். தலையில் தொடங்காதீர்கள், காயின் ரிட்டர்ன் போன்ற சின்னத் துண்டில் கை பழகுங்கள். தொடங்கும் முன் வாசல் நிலையின் அகலத்தையும் கார் டிக்கியையும் நாடா வைத்து அளந்துவிடுங்கள். செய்து முடித்தபின் அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க உங்களால் ஆகாது.