யாருடைய மெய்நிகர் இயந்திரம்?

2024 அக்டோபர் 31 அன்று அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற இணைய விளையாட்டு லினக்ஸுக்குக் கதவை மூடியது. ஏமாற்றுக்காரர்கள் அந்த வழியாக நுழைகிறார்கள் என்றது அதை நடத்தும் நிறுவனம். லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் கருவியை வைத்திருந்தவர்களும் அன்றோடு வெளியே. இந்த முடிவை ஆதரிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, லினக்ஸில் ஆடுவோர் சொற்பம், அவர்களை இழந்தால் நட்டமில்லை என்பதுதான். லினக்ஸுக்குள் மெய்நிகர் இயந்திரம் அமைத்து, கிராபிக்ஸ் கார்டை அதற்கே ஒதுக்கி, அதில் விண்டோஸ் நிறுவி ஆடுவோர் அதைவிடச் சொற்பம். அவர்களையும் தடுக்கும்போது அவர்களுக்காகப் பேச எவரும் முன்வருவதில்லை.

தடையை ஆதரிப்பவர்களின் அச்சம் பொய்யல்ல. வெளியே உள்ள லினக்ஸிலிருந்து, உள்ளே ஓடும் விண்டோஸின் நினைவகத்தைப் படிக்க முடியும். உள்ளேயிருந்து காவல் காக்கும் மென்பொருளுக்கு அது தெரியாது. சுவருக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்தே சுடுகிற ஒருவனிடம் தோற்றவர்களின் கோபமும் நியாயமானது.

ஆனால் ஏமாற்றைத் தடுக்கும் இந்த மென்பொருள்கள் மெய்நிகர் இயந்திரத்தை எதைப் பார்த்துத் தடுக்கின்றன? சிபியு தன்னைப் பற்றிச் சொல்லும் விடையில், மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் ஹைபர்வைசர் இருப்பதைக் காட்டும் ஒரு பிட். லினக்ஸின் ஹைபர்வைசரான கேவிஎம் தன் பெயரைச் சொல்லும் பன்னிரண்டு பைட்டுகள். சில கட்டளைகள் முடியப் பிடிக்கும் கூடுதல் நேரம். இவற்றில் எதுவும் ஏமாற்றைக் காட்டுவதில்லை. கணினி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஏமாற்ற நினைப்பவன் அந்தப் பெயரை அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் மறைத்துவிடுவான். நேரக் கணக்கைச் சரிக்கட்டவும் மெனக்கெடுவான். நேர்மையானவர் மறைக்கமாட்டார், மறைத்தால் அதுவே கணக்கை முடக்கக் காரணமாகிவிடும். ஆக, ஒளிக்க எதுவுமில்லாதவர்தான் முதலில் மாட்டுகிறார்.

பல ஆண்டுகளாக என்னை உறுத்துவது வேறொன்று. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான ஈசி ஆன்டி-சீட் 2018 முதல் எபிக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2021 செப்டம்பரில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக லினக்ஸில் ஆடவும் அது வழி திறந்தது. எபிக்கின் சொந்த விளையாட்டான ஃபோர்ட்நைட்டோ அந்த வழியை ஏற்கவில்லை. அதே ஃபோர்ட்நைட்டை ஜீஃபோர்ஸ் நவ் கிளவுட் சேவையில் லினக்ஸ் கணினியின் உலாவியிலிருந்தே ஆடலாம். அங்கே விளையாட்டு ஓடுவது என்விடியாவின் தரவு மையத்திலுள்ள ஒரு மெய்நிகர் இயந்திரத்தில். அங்கே அதை இயக்கும் வெளிக்கணினி பயனர் கையில் இல்லையே என்பார்கள். சரிதான். அப்படியானால் குறை மெய்நிகர் இயந்திரத்தில் இல்லை. அது நம் வீட்டில், நம் கட்டுப்பாட்டில் இருப்பதுதான் குறை. விண்டோஸ் 11இல் நினைவகப் பாதுகாப்பை இயக்கினால் அந்த விண்டோஸே ஒரு ஹைபர்வைசரின் மேல்தான் ஓடுகிறது. அது மைக்ரோசாஃப்ட்டினுடையது என்பதால் அங்கே சந்தேகம் எழுவதில்லை.

சொந்தக் கணினிக்குச் சொந்தக்காரராக இருப்பதையே குற்ற அடையாளமாக்கும் இந்த ஏற்பாடு காவலையும் தவறான இடத்தில் நிறுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் ஒரு கார்டைச் செருகி, இரண்டாவது கணினியிலிருந்து நினைவகத்தைப் படிப்பவனுக்கு லினக்ஸும் வேண்டாம், மெய்நிகர் இயந்திரமும் வேண்டாம். கெர்னலுக்குள் புகும் காவல் மென்பொருளே ஆபத்தாவதும் உண்டு. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரைக் கொண்டு ரான்சம்வேர் கும்பல் வைரஸ் தடுப்பான்களை முடக்கியதை 2022இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அந்தக் கணினிகளில் விளையாட்டு இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

காவலைச் சரியான இடத்தில் நிறுத்தவும் வழி உண்டு. மறைந்து நிற்கும் எதிரியின் இருப்பிடத்தை சர்வர் அனுப்பாவிட்டால், நினைவகத்தைத் துழாவினாலும் அது கிடைக்காது. வேலரண்ட் விளையாட்டில் ரயாட் நிறுவனம் இதைச் செய்திருக்கிறது; கண்ணில் படப்போகும் நேரம் வரை எதிரியின் இடம் நம் கணினிக்கு வருவதில்லை. தானாகக் குறிபார்த்துச் சுடும் போட்களை இது தடுக்காது, ஆனால் அவற்றின் அசைவுகள் சர்வரில் பதிவாகின்றன, அங்கே தேடலாம்.

அதே வேலரண்ட்டில், எதிராளியே இல்லாத பயிற்சித் திடலுக்குள்கூட, ரயாட்டின் காவல் மென்பொருளான வேன்கார்டு ஓடாமல் நுழைய முடியாது. தனியாகப் பொம்மைகளைச் சுடுபவர் அங்கே யாரை ஏமாற்றப் போகிறார் என்ற கேள்விக்கு இதுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.