இருந்த இடத்திலிருந்து உலகம்: ஆற்றுப்படை நோக்கில் இணையப் பயணக் காணொலிகள்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டிலிருந்தே இணையக் காணொலிவழி உலகைக் காணும் வழக்கத்தை ஆற்றுப்படை இலக்கியத்தின் வழிகாட்டும் முறையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நார்வே, பரோ தீவுகள் ஆகிய இடங்களில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, மலைபடுகடாம், பயணக் காணொலி, மெய்நிகர்ப் பயணம், பார்வையாளர்.

முன்னுரை

பயணக் காணொலிகளைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. வீட்டிலிருந்தே உலகைச் சுற்றிவிடலாம் என வியப்பது ஒன்று. கால் படாத நிலத்தைக் கண்டதாகக் கூறுவது போலி என ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் காணொலிகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கருதுவதில்லை. முதுமை, உடல் இயலாமை, பொருளின்மை, குடும்பத் தடை ஆகியவற்றால் வெளியே செல்ல இயலாதவர்க்குத் திரையே வழி. அவர்களுக்குத் திரை எத்தகைய உலகைத் தருகிறது என்பதே ஆராயத்தக்க வினாவாகும். அதனை அளப்பதற்குரிய அளவுகோல் தமிழ் மரபிலேயே உள்ளது.

ஆற்றுப்படை காட்டும் வழி

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாகும். பரிசில் பெற்றுத் திரும்புபவர் அதனைப் பெறாதவரை எதிர்ப்பட்டு வழி கூறுவது இவ்வகையின் பொது அமைப்பு. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம் நன்னனின் புகழை மட்டும் பாடவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள், புனங்காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் எனப் பாதையின் இடர்களையும் பெருங்கௌசிகனார் எடுத்துரைக்கிறார். வழியிலுள்ள ஊரார் அளிக்கும் உணவும் விருந்தோம்பலும் பாடலில் இடம்பெறுகின்றன. ஆகவே வழியின் இடர், வழியிலுள்ள மக்கள், கூறுபவரின் பட்டறிவு ஆகிய மூன்றும் இந்நூலின் அடிப்படைகள் எனலாம்.

நன்னனிடம் பரிசில் நாடி இன்று எவரும் செல்வதில்லை. ஆயினும் அம்மலைவழியை நாம் வீட்டிலிருந்தே படித்துக் காண்கிறோம். எனவே நேரில் நடவாமை ஒன்றே ஓர் அனுபவத்தைப் போலியாக்கிவிடாது.

வெட்டப்பட்ட வழியும் முழு வழியும்

பயணக் காணொலிகள் பலவும் சென்றடைந்த இடத்தையே முதன்மைப்படுத்துகின்றன. காத்திருப்பு, வழி தவறுதல், சலிப்பு முதலியன படத்தொகுப்பில் நீங்கிவிடுகின்றன. மலைவழியை நீக்கிவிட்டு நன்னனின் அரண்மனை வாயிலை மட்டும் காட்டுவதற்கு இஃது ஒப்பாகும்.

இதற்கு மாறான முயற்சியை நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே மேற்கொண்டது. பெர்கன் இருப்புப்பாதையின் நூற்றாண்டையொட்டி, பெர்கனிலிருந்து ஆஸ்லோ வரையிலான 7 மணி நேரத்திற்கு மேற்பட்ட தொடர்வண்டிப் பயணத்தை 2009இல் முழுமையாக ஒளிபரப்பியது. வண்டி சுரங்கங்களுக்குள் சென்ற வேளைகளில் அப்பாதை தொடர்பான பழைய படப்பதிவுகள் காட்டப்பட்டன. பயணப் பதிவு பின்னர் இணையத்திலும் வழங்கப்பட்டது. 2011இல் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரையிலான கப்பல் பயணம் 134 மணி நேரம் நேரலையாக ஒளிபரப்பானது. கப்பலைக் காணவும் தாம் காணப்படவும் மக்கள் கரைகளில் கூடிக் கையசைத்தனர். இங்கு வழியும் மக்களும் உள்ளனர். ஆனால் உடன் நின்று, தான் பட்டதைச் சொல்லும் வழிகாட்டியின் குரலுக்கு இவ்வடிவில் இடம் குறைவு.

ஏவும் பார்வையாளர்

பெருந்தொற்றால் பயணங்கள் நின்ற 2020 ஏப்ரலில் பரோ தீவுகளின் சுற்றுலா அமைப்பு வேறொரு முறையைக் கையாண்டது. உள்ளூர்வாசி ஒருவர் தலையில் படக்கருவி அணிந்து நடப்பார். தொலைவிலுள்ள பார்வையாளர் தம் திரையிலுள்ள பொத்தான்களால் அவரைத் திரும்பவும் ஓடவும் குதிக்கவும் ஏவலாம். ஆற்றுப்படையில் அறிந்தவர் அறியாதவரைச் செலுத்துகிறார். இங்கு அறியாதவர் அறிந்தவரைச் செலுத்துகிறார். வீட்டில் அடைபட்டிருந்தோர்க்கு இது மகிழ்வூட்டியிருக்கும். உள்ளூரார் இசைந்து ஏற்ற விளையாட்டும் ஆகும். எனினும் அந்நிலத்தில் வாழ்ந்தவரின் அறிவு இவ்வமைப்பில் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்படுகிறது. எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவ்விடத்தை அறியாதவரே முடிவு செய்வதால், அவர் எதிர்பாராத ஒன்றை அவருக்குக் காட்டும் வாய்ப்பு சுருங்குகிறது.

முடிவுரை

பயணக் காணொலியை மதிப்பிடும் திறனாய்வு மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். வழியின் இடர் காட்டப்படுகிறதா? வழியிலுள்ள மக்கள் தம் குரலோடு இடம்பெறுகின்றனரா? காட்டுபவர் தாம் பட்டறிந்ததைக் கூறுகிறாரா? படத்தின் தெளிவும் பார்வையாளர் எண்ணிக்கையும் இவற்றுக்கு விடையாகா. நேரில் செல்ல வாய்ப்புள்ளவர், காணொலி மறைத்ததைப் பின்னர்த் தாமே கண்டு திருத்திக்கொள்ளலாம். அவ்வாய்ப்பு இல்லாதவர்க்குக் காணொலி தருவதே அவ்வூரைப் பற்றிய முழு அறிவாக நிற்கும். ஆதலால் அவர்களை மனத்திற்கொண்டே இவ்வடிவத்தின் தரத்தை அளத்தல் வேண்டும்.