பிற்பகற் பரிசும் மாலைப் பரிசும்

பரிசில் தருவதும் பெறுவதும் தமிழர்க்குப் புதியன அல்ல. பாணரும் பொருநரும் கூத்தரும் வள்ளல்களை நாடி நடந்த வழிகளே ஆற்றுப்படை என்னும் தனி இலக்கிய வகையாக மலர்ந்தன. ஆயினும், பரிசில் பெற்ற செய்திகள் பலவற்றினும், அதனை மறுத்த செய்தி ஒன்றே நம் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார் பெருஞ்சித்திரனார். அம்மன்னன் அவரை நேரிற் காணாமலேயே பொருளை மட்டும் கொடுத்து அனுப்புவித்தான். புலவர் அதனைக் கொள்ளவில்லை. பொருள் ஒன்றையே கருதும் வணிகர் தாம் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தருவது மிகச் சிறிதாயினும் அதுவே இனிது என்றும் உரைத்தார். புறநானூற்றின் 208ஆம் பாடல் கூறும் செய்தி இது.

இப்பாடல் எழுப்பும் வினாவைக் கையிற் கொண்டு, நம் காலத்துப் பெரும் பரிசில் விழா ஒன்றை நோக்குவோம். அதுவே அமெரிக்க நாட்டின் கிராமி விருது விழா.

அமெரிக்க ஒலிப்பதிவுக் கலைஞர்களின் கழகம் 1957இல் தோன்றியது. அதன் முதல் விழா 1959ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பெவர்லி ஹில்ஸ், நியூயார்க் ஆகிய இரு நகரங்களிலும் ஒரே வேளையில் நடந்தது. அன்று வழங்கப்பட்டவை 28 பிரிவுகளுக்கான பரிசுகள். பழைய கிராமபோன் பெட்டியின் வடிவில் அமைந்த சிறு சிலையே பரிசுப் பொருள். விழாவின் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. 1971 முதல் இவ்விழா தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகி வருகிறது. 2024இல் பிரிவுகள் 94 ஆகப் பெருகியிருந்தன. ஆனால், மாலையில் மூன்றரை மணி நேரம் நீளும் ஒளிபரப்பில் வழங்கப்படுபவை ஏறத்தாழப் பத்துப் பரிசுகளே. எஞ்சிய நேரத்தை ஆடலும் பாடலும் விளம்பரமும் கொள்கின்றன. எஞ்சிய பரிசுகளோ? அவை அன்று பிற்பகலிலேயே, வேறோர் அரங்கில், ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வழங்கப்பட்டுவிடுகின்றன.

ஆக, விழா ஒன்றன்று, இரண்டு. ஒன்று பரிசு வழங்கும் விழா. மற்றொன்று பரிசு வழங்குவதைக் காட்டும் விழா. இவ்வேறுபாட்டை உணராதார் கிராமியை உணராதாரே.

நம்மவர் பெற்ற பெருமைகளை எண்ணிப் பார்ப்போம். 1968இல் யெகுதி மெனுகினுடன் இணைந்து வாசித்த இசைத்தட்டுக்காகப் பண்டித ரவிசங்கர் பரிசு பெற்றார். 1992இல் ‘உலக இசை’ என்னும் பிரிவு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அப்பரிசைப் பெற்ற இசைத்தொகுப்பில் விக்கு விநாயகராம் அவர்களின் கடம் முழங்கியது. 2010இல் ஏ.ஆர். ரகுமான் இரு பரிசுகளைப் பெற்றார். 2024இல் சக்தி இசைக்குழு வென்றபோது, விக்கு விநாயகராமின் மைந்தர் செல்வகணேசும் மேடையேறினார். 2025இல் சென்னையில் பிறந்த சந்திரிகா டண்டன் பரிசு பெற்றார். 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சி நம்மிற் பலர்க்கு நன்கு நினைவிருக்கும். வெளிமாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் அத்திங்கட்கிழமை காலை தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். ஆனால் ரகுமானுக்குரிய பரிசுகள், நாம் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவிலேயே, அந்நாட்டின் பிற்பகல் அரங்கில் வழங்கப்பட்டுவிட்டன.

இதனைக் கொண்டு, அயலார் நம்மை வேண்டுமென்றே ஒதுக்கினர் என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. மேனாட்டுச் செவ்விசைக்கும் ஜாஸ் இசைக்கும் உரிய பரிசுகளும் பெரும்பாலும் பிற்பகலுக்கே உரியன. கிராமிப் பரிசுகளை மிகுதியாகப் பெற்றவர் என்னும் பெருமை நெடுங்காலம் ஜார்ஜ் சோல்டி என்னும் செவ்விசை நடத்துநருக்கே உரியதாயிருந்தது. அவர் பெற்றவை 31; 2023இல்தான் பாடகி பியான்சே அவ்வெண்ணைக் கடந்தார். தம் நாட்டு மக்கள் விரும்பிக் கேட்கும் பாடல்களை மாலையிலும், அறிந்தோர் போற்றும் இசையைப் பிற்பகலிலும் அக்கழகம் வைக்கிறது. இது பகையன்று, வணிகம். ஒளிபரப்பை வாங்கும் நிறுவனம் பார்வையாளரைக் கேட்கிறது. பார்வையாளர் தாம் அறிந்த முகங்களைக் கேட்கின்றனர்.

எனினும், வணிகம் என்று கூறி அமைதல் ஆகுமோ? அமையாதார் சிலர் இருந்தனர். 1989இல் ‘ராப்’ இசைக்கெனத் தனிப்பரிசு முதன்முறையாக ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அது தொலைக்காட்சியில் வழங்கப்படாது என்றனர். பரிசை வென்ற இளைஞர் இருவரும், அவர்தம் தோழர் சிலரும் விழாவையே புறக்கணித்தனர். பெருஞ்சித்திரனாரை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவர் கொண்ட மானம் அவர்களிடத்தும் இருந்தது. காணாது தந்த பரிசில் அவர்க்கும் வேண்டாததாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 2004இல், ராப் இசைத்தொகுப்பு ஒன்றே அவ்விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. ‘உலக இசை’ என்னும் பெயரும், தம்மவரல்லாதார் அனைவரையும் ஒரே கூடையில் இடுவது என்னும் குறைகூறலுக்குப்பின், 2020இல் மாற்றப்பட்டது. கேட்டால் மாறுகின்றது, கேளாதிருந்தால் நிலைக்கின்றது.

இனி, நம்மை நோக்கியும் இவ்வினாவைத் திருப்புதல் வேண்டும். கடம் நம் கச்சேரியில் எங்கே அமர்ந்திருக்கிறது? மிருதங்கத்திற்குப் பின்னரே அதன் முறை. உபபக்கவாத்தியம் என்பதே அதன் பெயர். மானாமதுரை மண்ணைப் பிசைந்து, தட்டித் தட்டிச் சுட்டெடுத்த அப்பானையிலிருந்து எழும் நாதத்தை, தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே செல்லும் நம்மில் எத்தனைபேர் முழுதும் கேட்டிருக்கிறோம்? கடல் கடந்த பரிசு வந்தபின் ‘நம்மவர்’ என்று மார்தட்டினோம். கேளாது பெருமைகொள்வதும், காணாது பரிசில் தருவதும் ஓரினத்தனவே.

நம் சங்கங்களின் ஆண்டுவிழாக்களையும் எண்ணுக. நாகசுவரம் முழங்குவது மக்கள் இருக்கை தேடும் வேளையில். சிறுவர் தேவாரம் பாடுவது அரங்கம் பாதி நிரம்பாத வேளையில். விளக்குகள் ஒளிர, அரங்கம் நிறையும் நேரம் திரையிசைக் குழுவுக்கே உரியது. திரையிசை இழிந்தது என்று நாம் கூறவில்லை. நாமும் அதனைச் சுவைப்பவரே. ஆனால் நம் விழாவுக்கும் ஒரு பிற்பகல் உண்டு, ஒரு மாலை உண்டு என்பதை மறுக்கவியலாது. அந்தப் பிற்பகலிற் பாடுபவர் நம் பிள்ளைகள். வீட்டில் தமிழும் பள்ளியில் வேற்றுமொழியும் பேசி, ஞாயிறுதோறும் பண் பயிலும் அப்பிள்ளைகள், வெற்று நாற்காலிகளை நோக்கிப் பாடுகின்றனர். எவ்விசை பெரிது, எது சிறிது என்பதை அவர்கள் நம் சொல்லிலிருந்து கற்பதில்லை, அந்நாற்காலிகளிலிருந்தே கற்கின்றனர்.

கிராமி விழாவைக் குறைகூறுவது எளிது. அவ்விழாவின் நிரலை வகுக்கும் உரிமை நமக்கில்லை. நம் விழாவின் நிரல் நம் கையில் உள்ளது. அடுத்த ஆண்டுவிழாவில் ஒரு நாகசுவரத்தையோ ஒரு கடத்தையோ மாலையின் நடுவே, அரங்கம் நிறைந்திருக்கும் வேளையில் வைப்போம். அரைமணி நேரம் போதும். பொன்னாடையைப் பின்னர்ப் போர்த்தலாம். முன்னதாக இருந்து கேட்போம். தகுதியறிந்து தருவது சிறிதாயினும் இனிது என்ற புலவர் வேண்டியதும் அதுவே.