அளவு சுருங்காத கை: பொம்மையாடைத் தையலும் அதன் மதிப்பீட்டு அளவுகோல்களும்

ஆய்வுச்சுருக்கம்

சேகரிப்புப் பொம்மைகளுக்குக் கையால் தைக்கப்படும் ஆடைகள், மனித ஆடையின் சிறுவடிவங்களாகவே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. அசலை எவ்வளவு துல்லியமாக ஒத்திருக்கின்றது என்பதே அம்மதிப்பீட்டின் அளவுகோல். அவ்வளவுகோல் போதுமானதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. பொம்மையின் உடல் சுருங்கலாம். துணியின் இயல்பும் தைக்கும் கையும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. எனவே பொம்மையாடை என்பது சுருக்கம் அன்று, மொழியாக்கத்தை ஒத்த ஒரு மறுபடைப்பு. விக்டோரியாவின் மரப்பொம்மைகள், 1945ஆம் ஆண்டின் பாரிஸ் பொம்மைக் கண்காட்சி, பார்பி ஆகிய மூன்று சான்றுகளின்வழி, துல்லியத்தைப் போற்றும் பார்வை தைத்தவரை எவ்வாறு மறைக்கின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: பொம்மையாடை, தைத்தல், அளவு, துல்லியம், கைவினை, பெயரின்மை.

முன்னுரை

ஒரு பொம்மையின் சட்டையைக் கையில் எடுப்பவர் முதலில் வியப்பது அதன் சிறுமையை. பொத்தான் உண்மையாகவே காஜாவிற்குள் நுழைகின்றதா, உள்ளே லைனிங் துணி வைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கிறார். நுழைந்தால், இருந்தால், ‘அச்சு அசல்’ என்று பாராட்டுகிறார். இப்பாராட்டு இயல்பானது. ஆயினும் அதில் ஒரு முரண் உண்டு. தையல் கண்ணுக்குத் தெரியாதபோதுதான் தையல் சிறந்தது என்று அது சொல்கின்றது. தையல் மறையும்போது தைத்தவரும் உடன் மறைகிறார். ‘கையால் செய்யப்பட்டது’ என்னும் அடைமொழி விலையை உயர்த்துகின்றது. யாருடைய கை என்ற வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘தைத்தல்’ என்னும் சொல்

இவ்வினாவிற்குள் நுழையத் தமிழ்ச் சொல் ஒன்று துணைசெய்கின்றது. இன்று ‘தைத்தல்’ என்றால் ஊசியும் நூலும் கொண்டு துணியை இணைத்தல். சங்க இலக்கியத்தில் அச்சொல்லின் பரப்பு பெரிது. பஞ்சாய்க் கோரையைக் கொண்டு பாவை செய்வதும் ‘தைஇ’ என்னும் வினையால் சுட்டப்படுகின்றது (குறுந். 276). தளிர்களைத் தொடுத்துத் தழையாடை ஆக்குவதும் அதே வினையால் சுட்டப்படுகின்றது (நற். 204). பாவையை ஆக்குதலும் ஆடையை ஆக்குதலும் ஒரே வினையாக இருந்த மொழி இது.

ஐங்குறுநூற்று நெய்தற் பகுதியில் தலைவன் தரும் தழையைத் தோழி ஏற்க மறுக்கும் இடம் ஒன்று உண்டு (ஐங். 187). அத்தழையை அயலார் ஏற்கமாட்டார்கள் என்பதோடு, தம்முடன் கடலாடும் மகளிர் தம் பாவைக்குக்கூட அதனைப் புனையமாட்டார்கள் என்பதும் அவள் கூறும் காரணம். பாவைக்கு எதை உடுத்துவது, எதை உடுத்தாது விடுவது என்பதை ஊரார் கண் அறியும் என்பது அக்கூற்றின் அடிப்படை. பாவையின் ஆடை விளையாட்டுப் பொருளாக மட்டும் இல்லாமல், உடுத்துபவரின் தேர்வைக் காட்டும் சான்றாகவும் அங்கு நிற்கின்றது. ‘தைத்தல்’ என்பதை ஆக்கச் செயலாகவும் தேர்வாகவும் கொள்ளும் இப்பொருளிலேயே இக்கட்டுரை அச்சொல்லைப் பின்வரும் பிறநாட்டுச் சான்றுகளுக்குக் கையாள்கின்றது.

துணி ஏன் சுருங்குவதில்லை?

பார்பி பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம்; மனித உடலின் ஆறில் ஒரு பங்கு அளவு. மனித ஆடையின் வெட்டுப்படிவத்தை ஆறில் ஒன்றாகச் சுருக்கி, அதே துணியில் வெட்டித் தைத்தால் என்ன நிகழும்? ஆடை தொங்காது, விறைத்து நிற்கும்.

இதன் காரணத்தைத் துணியியல் விளக்குகின்றது. 1930இல் பீர்ஸ் என்னும் ஆய்வாளர் துணியின் மென்மையை அளக்க ஒரு முறையை முன்வைத்தார். துணிப்பட்டை ஒன்றை மேசை விளிம்பிற்கு வெளியே நீட்டி, அது தன் எடையால் எவ்வளவு வளைகின்றது என்று காண்பது அம்முறை. அதிலிருந்து பெறப்படும் ‘வளைநீளம்’, துணியின் விறைப்பிற்கும் எடைக்கும் உள்ள விகிதத்தின் கனமூலமாகும். ஆறில் ஒரு பங்கு அளவுள்ள ஆடை, மனித ஆடையைப் போலவே மடிந்து விழவேண்டுமாயின் அதன் துணியின் வளைநீளமும் ஆறில் ஒன்றாக வேண்டும். அதாவது விறைப்பிற்கும் எடைக்கும் உள்ள விகிதம் 216இல் ஒரு பங்காகக் குறையவேண்டும். மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைக்கு அது 27இல் ஒரு பங்கு. கடைகளில் கிடைக்கும் துணிகளில் இத்தகைய வேறுபாட்டை எட்டுவது எளிதன்று.

தையலுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஓர் அங்குலத்திற்குப் பன்னிரண்டு என்று இடப்படும் தையல் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதே தையல் ஆறில் ஒரு பங்கு உடலின்மேல் 12 மில்லிமீட்டர் நீளத் தையலாகத் தோன்றும். மனிதச் சட்டையில் அத்தகைய தையலை இட்டால் அது பிரித்தெடுக்க வேண்டிய ஓட்டுத்தையல் என்றே கருதப்படும்.

எனவே தைப்பவர் சுருக்குவதில்லை, தேர்ந்தெடுக்கிறார். கெட்டித் துணிக்குப் பதில் மல்துணியோ மெல்லிய பட்டோ கொள்கிறார். பாவாடையில் பத்துக் கொசுவம் வேண்டிய இடத்தில் நான்கை வைத்து, பத்து என்ற தோற்றத்தை உண்டாக்குகிறார். துணி வளைந்து விழவேண்டிய இடத்தில் குறுக்கு வாட்டத்தில் வெட்டுகிறார். உள்மடிப்புத் துணியைக் குறைத்து, பிரியும் விளிம்பை வேறு வகையில் காக்கிறார். ஒரு மொழியின் செய்யுளை வேறொரு மொழியில் ஆக்குபவர் எதை இழப்பது, எதை ஈடுசெய்வது என்று முடிவெடுப்பதற்கு நிகரான செயல் இது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் செய்யுள் விறைப்பது போல, அங்குலத்திற்கு அங்குலம் சுருக்கினால் ஆடையும் விறைக்கின்றது.

துணி உடலுக்கு இசையாதபோது உடலே துணிக்கு இசைவதும் உண்டு. பார்பியின் இடை மிக ஒடுங்கியிருப்பதற்கு மேட்டல் நிறுவனத்தார் தந்த விளக்கம், பாவாடையின் இடைப்பட்டியில் பல அடுக்குத் துணி சேர்வதால் உடுத்தியபின் இடை பருத்துத் தோன்றும் என்பது. அவ்வுடல் பெண்ணுடல் பற்றிய எத்தகைய பார்வையைப் பரப்பியது என்னும் விவாதத்தை இவ்விளக்கம் முடித்துவைக்காது. எனினும் துணியின் தடிமன் ஒரு பொம்மையின் உடல்வடிவத்திற்கே காரணமாகக் காட்டப்பட்டது என்பது கருதத்தக்கது.

விக்டோரியாவின் பொம்மைகள்: பதிவு செய்யப்பட்ட கை

பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசியான விக்டோரியா, தம் சிறுபருவத்தில் 132 மரப்பொம்மைகளை வைத்திருந்தார். இணைப்புகள் கொண்ட எளிய மரப்பொம்மைகள் அவை. 1830களின் தொடக்கத்தில், தம் ஆசிரியையான லேசன் சீமாட்டியோடு சேர்ந்து அவற்றுக்கு ஆடை அணிவித்தார். நாடகத்திலும் இசைநாடகத்திலும் பாலே நடனத்திலும் தாம் கண்ட பாத்திரங்களையும் அரண்மனைப் பெண்டிரையும் அப்பொம்மைகளில் உருவாக்கினார். அவற்றைக் குறித்து ஃபிரான்சஸ் லோ எழுதிய நூல் 1894இல் வெளிவந்தது. அரை அங்குலச் சதுரமுள்ள கைக்குட்டைகளில் சிவப்புப் பட்டு நூலால் முதலெழுத்துகள் இடப்பட்டிருப்பதை லோ வியந்து குறிப்பிடுகிறார்.

இச்சேகரிப்பின் சிறப்பு அதன் நுட்பத்தில் மட்டும் இல்லை. பொம்மைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று எழுதிவைக்கப்பட்டது. 132இல் 32 பொம்மைகளுக்கு விக்டோரியாவே ஆடை அணிவித்தார் என்ற விவரம் நமக்குக் கிடைக்கின்றது. எந்தக் கை எதைத் தைத்தது என்பதைப் பிரித்தறிய முடிகின்ற அரிய சேகரிப்பு இது. அக்கை அரசியின் கை என்பதால்தான் அது பதிவாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது: தைத்தவரைப் பதிவுசெய்ய இயலாது என்பதில்லை. பதிவு செய்வதும் செய்யாததும் ஒரு தீர்மானம்.

பாரிஸ் 1945: ‘சிறிய கைகள்’

இதற்கு நேர்மாறான சான்று ‘தேயாத்ர் த லா மோத்’ எனப்படும் ஆடைக் கண்காட்சி. செருமானிய ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்ட பாரிசில், 1945 மார்ச் இறுதியில், லூவர் வளாகத்திலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அது தொடங்கியது. போர்க்கால நிவாரணத்திற்கு நிதி திரட்டுவதும், பிரெஞ்சு ஆடைத்தொழில் உயிரோடிருப்பதை உலகிற்குக் காட்டுவதும் அதன் நோக்கங்கள். துணியும் பிற பொருள்களும் அரிதாயிருந்த காலம் அது. எனவே மனித அளவில் மூன்றில் ஒன்றாக, ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரத்தில், கம்பியாலான பொம்மைகள் செய்யப்பட்டன. அவற்றை வரைந்தவர் எலியான் பொனபெல். தலைகளைச் செதுக்கியவர் சிற்பி ஜோன் ரெபுல். அரங்குகளை அமைத்தவர்களுள் கிறிஸ்தியன் பெரார், ழான் கொக்தோ ஆகியோர் அடங்குவர். பாரிசில் மட்டும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்ட அக்கண்காட்சி, 1946இல் அமெரிக்கா சென்றது. சான் பிரான்சிஸ்கோவில் தங்கிவிட்ட பொம்மைகள் 1952இல் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள மேரிஹில் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

இப்பொம்மைகளைப் பற்றி எழுதுவோர் தவறாமல் சொல்லும் செய்தி, பொத்தான்கள் உண்மையாகவே கழன்று பூட்டக்கூடியவை, ஜிப்புகள் இயங்கக்கூடியவை, கைப்பைகளுக்குள் சிறு பொருள்கள் இருந்தன என்பது. துல்லியமே இங்கும் புகழப்படுகின்றது. வரைந்தவர், செதுக்கியவர், அரங்கமைத்தவர், ஆடையகத்தின் உரிமையாளர் என ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. குளிரிலும் பற்றாக்குறையிலும் அமர்ந்து அச்சிறு காஜாக்களை எடுத்த பெண்கள் ஆடையகத்தின் பெயருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

பாரிஸ் ஆடையகங்களில் தையற்பெண்களைக் குறிக்கும் தொழிற்பெயர் ‘பெத்தித் மேன்’. அதன் பொருள் ‘சிறிய கைகள்’. இத்தொடரில் உள்ள முரண் நோக்கத்தக்கது. அக்கண்காட்சியில் உடல் சிறிதாயிற்று, ஆடை சிறிதாயிற்று, காலணி சிறிதாயிற்று. சிறிதாகாமல் நின்றது கை ஒன்றே. மூன்றில் ஒன்றாகச் சுருங்கிய ஆடையை முழு அளவு விரல்கள் தைத்தன. சுருங்காத அதனையே மொழி ‘சிறிய’ என்று அழைத்தது. அவ்வடைமொழி குறிப்பது அளவை அன்று, படிநிலையை.

பார்பி: வடிவமைத்தவரும் தைத்தவரும்

1959 மார்ச்சில் நியூயார்க் விளையாட்டுப்பொருள் சந்தையில் அறிமுகமான பார்பியின் தொடக்ககால ஆடைகள் இன்று சேகரிப்பாளர் தேடும் பொருள்கள். அவற்றை வடிவமைத்த சார்லட் ஜான்சனின் பெயர் நன்கறியப்பட்டது. உற்பத்தியை ஒழுங்குபடுத்த அவர் ஜப்பான் சென்று தங்கிப் பணியாற்றினார். அவ்வாடைகளைத் தைத்தவர்கள் ஜப்பானில் வீட்டிலிருந்தே தைத்துக்கொடுத்த பெண்கள். ‘தொடக்ககாலத் தையலின் நேர்த்தி’ என்று சேகரிப்பாளர் எதைப் போற்றுகிறார்களோ அது இப்பெண்களின் நேர்த்தி. வடிவமைப்பு எழுதப்பட்ட வரலாறாகவும், தையல் பொருளின் குணமாகவும் பிரிந்துபோன நிலையை இங்குக் காண்கிறோம்.

இன்றைய சேகரிப்புப் பொம்மை உலகில் நிலை ஓரளவு மாறியுள்ளது. ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் 1999இல் அறிமுகப்படுத்திய சூப்பர் டால்ஃபி போன்ற மூன்றில் ஒரு பங்கு அளவுப் பொம்மைகளுக்குத் தனியர் பலர் தம் பெயரிலேயே ஆடை தைத்து விற்கின்றனர். இங்குக் கைக்குப் பெயர் கிடைக்கின்றது. ஆனால் அவ்வாக்கம் ‘பொழுதுபோக்கு’ என்னும் வகைக்குள் வைக்கப்படுகின்றது. பெயர் உள்ள இடத்தில் கலை என்னும் தகுதி இல்லை. தகுதி உள்ள இடத்தில் பெயர் இல்லை.

ஒரு மறுப்பும் விடையும்

ஆடையகத் தொழில் கூட்டுழைப்பு. ஒரு கோபுரத்தில் ஒவ்வொரு கல்தச்சர் பெயரையும் தேடுவது போலத் தையற்பெண்களின் பெயரைத் தேடுவது வெறும் உணர்ச்சிவயப்பட்ட செயல் என்று மறுக்கலாம். இம்மறுப்பில் நியாயம் உண்டு. இழந்த பெயர்கள் பல மீளா. ஆனால் இக்கட்டுரை கோருவது பெயர்ப்பட்டியலை மட்டும் அன்று. வாசிப்பு முறையில் ஒரு மாற்றத்தை. ஆடை அசலை ஒத்திருக்கின்றதா என்று கேட்பதோடு, எங்கே விலகுகின்றது, ஏன் விலகுகின்றது என்றும் கேட்கவேண்டும். கொசுவத்தின் எண்ணிக்கை ஏன் குறைந்தது, விளிம்பு எவ்வாறு மடிக்கப்பட்டது, தையலின் நீளம் எவ்வளவு என்பனவற்றை அருங்காட்சியகக் குறிப்புகள் பதிவுசெய்யலாம். விலகல்கள் குறைகள் அல்ல; தைத்தவரின் முடிவுகள். பெயர் அழிந்தபின்பும் முடிவுகள் துணியில் எஞ்சியிருக்கின்றன.

முடிவுரை

பொம்மையாடையின் மதிப்பு அதன் துல்லியத்தில் மட்டும் இல்லை. துல்லியம் இயலாத இடத்தில் தைப்பவர் எடுக்கும் முடிவில் உள்ளது. விக்டோரியாவின் பொம்மைகள் கையைப் பதிவுசெய்ய இயலும் என்பதைக் காட்டுகின்றன. பாரிசும் பார்பியும் பதிவு யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.

இம்முடிவு நமக்கும் உரியது. நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் மரப்பாச்சி இணைக்கு வீட்டுப் பெண்கள் துண்டுத் துணியிலும் சரிகையிலும் ஆடை அணிவிக்கின்றனர். மரம் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றது. ஆடை மாறிக்கொண்டே இருக்கின்றது. களஆய்வுக்குச் செல்லும் ஆய்வாளர் மரத்தின் வகையையும் செதுக்கிய ஊரையும் கேட்டு எழுதிக்கொள்வதோடு, இவ்வாண்டு இதனைத் தைத்தவர் யார், கிழிந்த எந்தப் புடவையிலிருந்து வந்தது இத்துணி என்றும் கேட்கவேண்டும். அவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர் இன்று அந்த வீட்டிலேயே இருக்கிறார்.