மௌனத்தின் பொருள்: பின்னலாடை வட்டாரமும் சம்மதம் பற்றிய நமது போதனையும்

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரும் கையாளும் முதுமொழி. முஸ்லிம்களிடையே அதற்கு மார்க்கத்தின் வலுவும் சேர்ந்துகொண்டது. கன்னிப் பெண்ணின் மௌனமே அவளது அனுமதி என்னும் கருத்துடைய நபிமொழி நிக்காஹ் சபைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. அந்த நபிமொழியை நாம் எவ்வாறு விளங்கியுள்ளோம், நமது பிள்ளைகளுக்கு அதிலிருந்து எதைக் கற்பித்துள்ளோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவைத் திருப்பூரை மையமாகக் கொண்ட நூற்பாலை, பின்னலாடை வட்டாரத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பதின்பருவம் முடியும் முன்பே பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறி, அந்நியர் நடுவே உழைத்து, வேனிலும் விடுதியிலும் பவர் டேபிள் வரிசையிலும் வளர்ந்த வட்டாரம் அது. பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிட்ட ஒரு பெரும் ஏற்பாடும் அங்கேதான் வேரூன்றியது.

'சுமங்கலித் திட்டம்' என்பது அதன் பெயர். திண்டுக்கல், தேனி, விருதுநகர், திருநெல்வேலி முதலான மாவட்டங்களின் வறிய குடும்பங்களிலிருந்து பதின்பருவப் பெண்கள் தரகர் மூலம் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்கு அழைத்துவரப்பட்டனர். அவர்களில் தலித் குடும்பத்தினர் பெருந்தொகையினர். பொதுவாக மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி உழைத்தால் இறுதியில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஒரு தொகை வழங்கப்படும். அது திருமணச் செலவுக்கு உதவும் என்பதே வாக்குறுதி. இடையில் நோயுற்றோ மனமொடிந்தோ வெளியேறியவர்களுள் பலர் அத்தொகையை இழந்தனர். விடுதியை விட்டு வெளியே செல்வதற்கும் வீட்டாருடன் தொலைபேசியில் பேசுவதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு ஆய்வு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. அதன்பின் அப்பெயரை ஆலைகள் தவிர்க்கத் தொடங்கின.

இவ்வேற்பாட்டில் சம்மதம் எங்கே இருந்தது? தரகர் பேசினார், பெற்றோர் ஒப்பினர், ஆலை ஏற்றது. பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மறுக்கவில்லையே என்பது பின்னர் எல்லோருக்கும் வாய்ப்பான விடையாயிற்று. மறுத்தால் என்ன நேரும், மறுப்பதற்குத் தனக்கு உரிமை உண்டா என்று அறியாத ஒருத்தியின் மௌனம் எதற்கும் சான்றாகாது. இதனைப் பிற சமயத்தார் விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் நமக்கு வழியில்லை. மஹர் கொடுத்து மணமுடிக்கக் கடமைப்பட்ட சமூகத்தில் கைக்கூலி கேட்கும் வழக்கம் நிலைத்திருக்கும்வரை, மகளைத் திருமணச் செலவாகக் காணும் பார்வை நம்முடையதும்தான்.

இனி அந்த நபிமொழிக்கு வருவோம். புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் இடம்பெறும் அதன் வாசகத்தில் மௌனத்திற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்பதே கட்டளை. அவள் வெட்கப்படுவாளே என்ற ஐயத்திற்கு விடையாகவே மௌனம் பேசப்படுகிறது. கேட்கப்படாத மௌனத்திற்கு அங்கே இடமில்லை. ஹனஃபி நூல்கள் இன்னும் நுணுகிச் செல்கின்றன. ஏளனமாகச் சிரித்தால் அது சம்மதமன்று. குரலெடுத்து அழுதால் அது சம்மதமன்று. பருவமெய்திய பெண்ணை அவளது விருப்பமின்றி மணமுடித்து வைக்கத் தந்தைக்கும் அதிகாரமில்லை என்பது அம்மத்ஹபின் நிலை. கொங்கு நாட்டு இராவுத்தர்களிடையே இம்மத்ஹபே பெரிதும் வழங்குகிறது. கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபில் கன்னிப் பெண்ணின் தந்தைக்கும் பாட்டனுக்கும் நிபந்தனைகளுடன் கூடிய அதிகாரம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கும் அவளைக் கேட்பது விரும்பத்தக்கது என்றே கூறப்பட்டுள்ளது.

நடைமுறையோ வேறு. பந்தி விரிக்கப்பட்டு, சபை கூடி, மாப்பிள்ளை வந்தமர்ந்த பின்னரே வக்கீலும் இரு சாட்சிகளும் பெண்ணிடம் செல்கின்றனர். 'இல்லை' என்று சொல்லவே இயலாத நேரத்தில் கேட்கப்படும் கேள்வி எத்தகையது? ஷரீஅத் கேட்கச் சொன்னது அவளது விடையை அறிவதற்காக. தஃப்தரில் கையொப்பம் பெறுவதற்காக மட்டும் நாம் கேட்கிறோம்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தபோது நம்மவர் பலர் அதன் வெளிப்படைத் தன்மையைப் பற்றியே வாதிட்டனர். அந்நாவலில் மணவிரவிலேயே கணவனை மறுத்துத் தாய்வீடு திரும்பும் பிர்தவ்ஸ் என்னும் பெண்ணைப் பற்றிப் பேசியோர் குறைவு. அவளது பிற்காலச் செயல்களை நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அவளது முதல் மறுப்பை முன்கூட்டியே கேட்டறிய ஒருவரும் இல்லாததே அந்தக் கதையின் தொடக்கம் என்பதை எந்த விமர்சகரும் கவனிக்கத் தவறலாகாது.

நஸாயீ, இப்னு மாஜா தொகுப்புகளில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞரிடையே பேச்சு உண்டெனினும், கருத்து நினைவிற்குரியது. ஓர் இளம்பெண் தன்னைத் தன் தந்தை விருப்பமின்றி மணமுடித்து வைத்துவிட்டதாக முறையிட்டாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முடிவை அவளிடமே ஒப்படைத்தார்கள். அவளோ, தந்தை செய்ததைத் தான் ஏற்பதாகவும், இவ்விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரமில்லை என்பதைப் பெண்கள் அறியவேண்டும் என்பதே தன் நோக்கம் என்றும் கூறினாள். அவள் விடுதலை கேட்டு வரவில்லை. அறிவைத் தேடி, அதனைப் பிற பெண்களுக்கும் உரியதாக்க வந்தாள். சம்மதம் பற்றிய கல்வி மேலைநாட்டு இறக்குமதி என்று கூறுவோர் இப்பெண்ணை எங்கே வைப்பர்?

ஆண்பிள்ளைகளுக்குரிய பாடமும் நம்மிடம் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பரீரா (ரலி), தம் கணவர் முஃகீஸைப் பிரிய முடிவு செய்தார். அவர் மதீனாவின் வீதிகளில் அழுதுகொண்டே பரீராவைப் பின்தொடர்ந்தார். மனமிரங்கிய நபியவர்கள் பரீராவிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்று விடை வந்தது. அப்படியாயின் தமக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. புகாரியில் உள்ள இந்நிகழ்ச்சியில் நபியின் பரிந்துரையே ஒரு பெண்ணின் மறுப்பை மீறவில்லை. முஃகீஸின் கண்ணீர் இரக்கத்திற்குரியதாயிற்று; உரிமையாகவில்லை. விடாமல் பின்தொடர்ந்தால் பெண் மனம் மாறுவாள் என்று திரைப்படங்களில் கற்றுக்கொண்ட இளைஞனுக்கு இதனைவிடத் தெளிவான பாடம் உண்டோ? எனினும் நமது மக்தப் பாடங்களிலும் ஜும்ஆ உரைகளிலும் பரீரா அரிதாகவே வருகிறார்.

இங்கு ஒரு மறுப்பு எழும். சம்மதத்தைப் பற்றிப் பேசுவது திருமணத்திற்கு முந்தைய உறவுக்கு வாயில் திறப்பதாகாதா? இம்மறுப்பு மதிக்கத்தக்கதே. சம்மதம் இருப்பதால் மட்டும் விலக்கப்பட்டது ஆகுமானதாகிவிடாது, அவ்வெல்லையில் மாற்றமில்லை. ஆனால் சம்மதம் இல்லாதபோது ஆகுமானதும் கறைபடுகிறது. பெண்களைப் பலவந்தமாக உரிமையாக்கிக்கொள்வது ஆகுமானதன்று என்ற திருமறையின் (4:19) அறிவிப்பும் அதனையே உணர்த்துகிறது. எந்த ஆணுடனும் பழகாமலே திருமணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கும், தகாத முறையில் தொடும் உறவினனிடமும் மிரட்டும் மேற்பார்வையாளனிடமும் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தடை விதிப்பதோடு நமது கடமை முடிந்தது என்று எண்ணியதால், இப்பாடத்தைத் திரைக்கும் கைப்பேசிக்கும் விட்டுக்கொடுத்தோம்.

அரசும் இதில் தடுமாறியே வந்துள்ளது. வளரிளம் பருவத்தினருக்கான கல்வித் திட்டத்தை 2007இல் பல மாநிலங்கள் எதிர்த்தன; 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாதென்றது. 2012இன் போக்சோ சட்டம் 18 வயதிற்குட்பட்டோரின் சம்மதத்தைச் சட்டத்தின் கண்ணில் செல்லாததாக்கியது. குழந்தைகளைக் காக்க அது தேவையான அரணே. ஆயினும் வளரிளம் பருவத்தினரிடையே எழும் காதல் உறவுகளும் குற்ற வழக்குகளாவதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், அத்தகையோரைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என 2021 ஜனவரியில் சுட்டிக்காட்டியது. கற்பிக்க வேண்டிய வயதில் கற்பிக்காமல், பிழை நேர்ந்தபின் காவல் நிலையத்திற்குச் செல்லும் சமூகத்தின் நிலை அத்தீர்ப்பில் தெரிகிறது.

அதே 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் முன்னரே தொல்லைக்கு உள்ளாகியிருந்தார் என்று குடும்பத்தினரும் சக தொழிலாளரும் கூறினர். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. அதன் பயனாக, அந்த ஆலையின் உரிமையாளரான, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனத்துடனும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களுடனும் 2022இல் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. 'திண்டுக்கல் உடன்படிக்கை' என அறியப்படும் இவ்வேற்பாட்டில், தொழிலாளர் நடுவிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்து பயிற்றப்பட்டனர். எது துன்புறுத்தல் என அடையாளம் காணவும், பழிவாங்கப்படுவோம் என்ற அச்சமின்றி முறையிடவும் பெண்கள் கற்றனர்.

பள்ளியும் குடும்பமும் பள்ளிவாசலும் சொல்லித்தராத பாடத்தை, ஓர் உயிர் போனபின், தையல் எந்திரங்களின் நடுவே ஒரு தொழிற்சங்கம் கற்பித்தது என்பதே இதன் பொருள். அப்பெண்கள் பெரும்பாலும் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் கேட்டறிந்து பிறர்க்கும் அறிவிக்கும் அந்தச் செயலில் அவர்கள் நபியவர்களின் முன் நின்ற அந்த இளம்பெண்ணுக்கு நம்மைவிட நெருக்கமானவர்கள்.

நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. மக்தபின் மூத்த மாணவர்க்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், பரீராவின் வரலாற்றைப் பாடமாக வைக்கலாம். பெண் பேசி முடிக்கும் முன்பே, தாயோ ஆசிரியையோ அவளிடம் தனியே கேட்டு, 'இல்லை' என்றால் அத்துடன் நிறுத்தலாம். வேலைக்குச் செல்லும் பிள்ளையிடம் எத்தனை ஷிப்ட் ஆயிற்று என்று கேட்பதற்கு முன், அங்கே உன்னை எவரேனும் வருத்துகின்றனரா என்று கேட்கலாம். இவ்வாறு கேட்கப்பட்டு வளர்ந்த பெண் ஒருநாள் வெட்கத்தால் மௌனம் காத்தால், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ள நமக்கு உரிமை உண்டு.